சோழவரத்தில் இறங்குவது

இரவுப் பணி முடிந்து வீடு திரும்புகிறவனுக்கு உறக்கம் உடனே வருவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் எஃகு ஆலையில் நெடுங்காலம் ஷிஃப்ட் பொறியாளராக இருந்து வருகிறேன். உலையின் இரைச்சல் காதிலிருந்து இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தைக் கழிக்க நண்பர்கள் சிலர் நடைப்பயிற்சிக்குப் போனார்கள், சிலர் பக்திக்குப் போனார்கள். நான் ஃப்ளைட் சிமுலேட்டரிடம் போனேன்.

முதலில் என்னிடம் இருந்தது மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட பதிப்பு. அதில் சிகாகோவும் லண்டனும் ஓரளவு உருவத்தோடு இருந்தன. நம் திருவள்ளூர் மாவட்டமோ பச்சையும் பழுப்பும் கலந்து விரித்த ஜமக்காளம்போலக் கிடந்தது. ஆகவே அந்நாட்களில் நானும் எல்லோரையும்போல ஊர் சுற்றினேன். ஹாங்காங்கின் பழைய கை டக் விமான நிலையத்தில் இறங்குவதற்கு, குன்றின்மேல் வரைந்திருந்த செம்மை வெண்மைக் கட்டங்களை நோக்கிப் பறந்து, கடைசி நேரத்தில் வலப்பக்கம் திரும்பி, குடியிருப்புகளின் தலைக்குமேல் ஓடுதளத்தைப் பிடிக்க வேண்டும். அந்த நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டும் அப்படித்தான். ஆரம்பகாலப் பதிப்புகளைத் திறந்தால் நம் விமானம் அங்கேதான் நின்றுகொண்டிருக்கும். 2003 மார்ச் இறுதியில் ஓர் இரவில் புல்டோசர்கள் வந்து அதன் ஓடுதளத்தைக் கிளறிப் போட்டன. மண்ணில் இல்லாமற்போன இடங்களில் இறங்கிப் பார்ப்பதும் இந்த விளையாட்டின் இன்பங்களில் ஒன்று என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

2020 ஆகஸ்டில் வந்த புதிய பதிப்பு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை விரித்தது. முதல் நாளே மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி வடக்கே வந்தேன். எண்ணூரின் புகைபோக்கிகள், பழவேற்காட்டு ஏரியின் ஆழமற்ற நீர்ப்பரப்பு, ஆந்திர எல்லையை நோக்கி ஓடும் தேசிய நெடுஞ்சாலை, அதனருகே சிப்காட்டின் தகரக் கூரைகள். நான் வேலை செய்யும் கூரையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. அதை மூன்று முறை வட்டமிட்டேன். மேலிருந்து பார்க்கையில் தீப்பெட்டியளவுதான். அதற்குள்தானா இத்தனை ஆண்டுகள் என்று தோன்றியது.

*

சிமுலேட்டர் வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே அதைக் கைவிட்டுவிடுவதற்குக் காரணம், பறப்பது எளிதாக இருப்பதுதான். பெரிய விமானத்தில் தானியங்கியை முடுக்கிவிட்டால் அது தானே துபாய்க்குப் போய்ச் சேரும்; நாம் காப்பி குடிக்கலாம். சுவை வேண்டுமென்றால் நாமே நமக்குச் சில தடைகளை விதித்துக்கொள்ள வேண்டும். நான் கைக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். செஸ்னா 172 போன்ற ஒற்றை இயந்திரச் சிறு விமானம் போதும்.

முதலாவதை நான் 'தண்ணீர் வழி' என்பேன். வரைபடத்தையும் திசைகாட்டும் கருவிகளையும் அணைத்துவிட வேண்டும். 1944இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின்மேல் தொடங்கி, ஆற்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கிழக்கே வந்து, தாமரைப்பாக்கம் அணைக்கட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால்வாய் வழியே சோழவரம் ஏரி, பிறகு புழல். சென்னை குடிக்கும் நீர் வரும் பாதை இது. ஆயிரம் அடி உயரத்தில் ஆற்றை இரண்டு முறையாவது தவறவிடுவீர்கள். மணலும் முள்ளுமாய் இருக்கும் இடங்களில் நம் ஆறுகள் தம்மை ஆறு என்று காட்டிக்கொள்வதில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. சிமுலேட்டரில் ஏரிகள் எப்போதும் நிரம்பியே இருக்கின்றன. 2019 கோடையில் இந்த ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, நகரம் குடங்களோடு தெருவில் நின்றதை அந்த மென்பொருள் அறியாது.

இரண்டாவது, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு இரவில் பறப்பது. அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஒளிப்புள்ளிகளை எண்ணிக்கொண்டே வர வேண்டும். நாள்தோறும் மின்ரயிலில் வருகிறவனுக்கு இது எளிது என்று நினைத்தேன். ஜன்னலோர இருக்கையில் முப்பதாண்டு பயணம் செய்தவனுக்கு, மேலிருந்து பார்த்தால் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

மூன்றாவதுதான் கடினமானது. இயந்திரம் நின்றுபோன விமானத்தைச் சோழவரத்தில் இறக்குவது.

*

சோழவரத்தில் ஓர் ஓடுதளம் இருப்பது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போடப்பட்டது. போர் முடிந்து விமானங்கள் போனபின் 1950களிலிருந்து அங்கே கார்ப் பந்தயங்களும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் நடந்தன. நாடெங்குமிருந்து ஓட்டுநர்கள் வந்தார்கள். வடசென்னைப் பையன்கள் சைக்கிள் மிதித்துப் பார்க்கப் போனார்கள். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்ததும் சோழவரத்தின் ஓசை அடங்கியது.

இந்தப் பயிற்சியை எனக்குச் சொல்லித் தந்தது கனடாவில் நடந்த ஒரு நிகழ்வு. 1983 ஜூலை 23ஆம் நாள் மாண்ட்ரியாலிலிருந்து எட்மண்டனுக்குக் கிளம்பிய ஏர் கனடாவின் போயிங் 767, நாற்பத்தோராயிரம் அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றுபோனது. தேவைப்பட்டது 22,300 கிலோ. மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்குரிய எண்ணுக்குப் பதில் பவுண்டுக்குரிய 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். ஆக, வேண்டியதில் பாதிகூட நிரப்பப்படவில்லை. வின்னிபெக் வரை சறுக்கிப் போக முடியாது என்று தெரிந்தபோது, துணை விமானி மாரிஸ் குவின்டல் தாம் விமானப்படையில் இருந்தபோது பணியாற்றிய கிம்லி என்ற தளத்தை நினைவுகூர்ந்தார். அது மூடப்பட்டு, அதன் ஒரு பகுதி கார்ப் பந்தயப் பாதையாக மாறியிருந்தது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அங்கே பந்தயக்காரர்கள் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள். தலைமை விமானி ராபர்ட் பியர்சன் இயந்திரமில்லாக் கிளைடர்களை ஓட்டிப் பழகியவர். உயரம் அதிகமாக இருப்பதைக் கண்டு, அத்தனை பெரிய விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். தரையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போர்க்கால ஓடுதளம், பின்பு பந்தயப் பாதை. கிம்லியைப் படித்தவுடன் என் மனம் சோழவரத்துக்குப் போனதில் வியப்பில்லை.

கணக்கு எளிமையானது. செஸ்னாவின் இயந்திரம் நின்றால், மணிக்கு ஏறக்குறைய 65 கடல்மைல் வேகத்தில் வைத்துக்கொண்டு சறுக்கினால், ஆயிரம் அடி உயரத்துக்கு ஒன்றரைக் கடல்மைல் தூரம் போகும். பொன்னேரியிலிருந்து சோழவரம் ஓடுதளம் வான்வழியே சுமார் 15 கிலோமீட்டர், அதாவது எட்டுக் கடல்மைல். ஆறாயிரம் அடி இருந்தால் ஒன்பது கடல்மைல் போகலாம். ஆக, ஒரு கடல்மைல்தான் நமக்குக் கையிருப்பு. திகைத்து நிற்பதும், தவறாகத் திரும்புவதும், காற்று தள்ளுவதும் எல்லாம் அந்த ஒரு கடல்மைலிலிருந்துதான் கழிய வேண்டும். கையோ, தரை நெருங்க நெருங்க மூக்கைத் தூக்கத் துடிக்கும். தூக்கினால் வேகம் போகும். வேகம் போனால் சிறகு தாங்காது. பள்ளத்தை நோக்கி மூக்கைத் தாழ்த்தினால்தான் தூரம் போக முடியும் என்பதைக் கைக்குக் கற்பிப்பதுதான் இந்தப் பயிற்சியின் சாரம்.

இயந்திரத்தை நானே நிறுத்தினால் அது பயிற்சியாகாது. எப்போது நிற்கும் என்பது எனக்குத் தெரியக்கூடாது. ஆகவே என் மகள் பின்னால் அமர்ந்து, தனக்குத் தோன்றிய கணத்தில் எரிபொருளைத் துண்டிக்கும் விசையை அழுத்துவாள். அவள் கல்லூரி விடுதிக்குப் போனபின் அந்த வேலைக்கு ஆளில்லாமல் போயிற்று.

*

இங்கே நான் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

2013 மழைக்காலத்தில் ஓர் இரவு. பழைய இரும்பை அள்ளிப் போடும் மின்காந்தக் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் இருக்கும்வரைதான் காந்தம் பிடித்திருக்கும். கொட்டகையின் விளக்குகள் ஒருமுறை மங்கி மீண்டன. சற்றுப் பொறுத்து மறுபடியும் மங்கி மீண்டன. கிரேனை நிறுத்தச் சொல்ல வேண்டியவன் நான். அன்றைய உற்பத்திக் கணக்கு பின்தங்கியிருந்தது. இன்னும் நான்கு சுமைதானே என்று நின்றேன். மூன்றாம் முறை மின்சாரம் போனது, சுமை விழுந்தது. தெறித்த துண்டு, கீழே நின்று கைசைகை காட்டிக்கொண்டிருந்தவரின் பாதத்தை நொறுக்கியது. அறிக்கையில் காரணம் 'மின்தடை' என்று எழுதப்பட்டது. கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன்.

அவர் பழவேற்காட்டு மீனவக் குடும்பத்தவர். என்னைவிட மூத்தவர். ஐந்து மாதம் கழித்து, சற்றே இழுத்து நடந்துகொண்டு வேலைக்குத் திரும்பினார். எங்களுக்குள் நட்பு அதன் பிறகுதான் வளர்ந்தது. அந்த இரண்டு மினுக்கல்களை நான் பார்த்ததை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தவரை உட்கார வைத்துத் திரையைக் காட்டினேன். பழவேற்காட்டு முகத்துவாரத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் குப்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். விசையைக் காட்டி, "அண்ணே, உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப இதை அமுக்குங்க" என்றேன்.

பொன்னேரியைத் தாண்டும்வரை அவர் ஒன்றும் செய்யவில்லை. சிறு வயதில் மாமாவோடு சோழவரம் பந்தயம் பார்க்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையின் நடுவிலேயே அமுக்கிவிட்டார். இரைச்சல் நின்றது.

நான் சோழவரம் ஏரியை நோக்கி மூக்கைத் திருப்பினேன். சற்று நேரத்தில் அவர், "கடல் பக்கமா மூக்கை வைங்க சார். மணி ரெண்டாகுது, கொண்டல் ஏறியிருக்கும்" என்றார். அன்றைய உண்மையான வானிலையில்தான் பறந்துகொண்டிருந்தோம். நான் காற்றைப் பார்க்கவில்லை. நேராகப் போவதாக எண்ணிக்கொண்டு மேற்கே ஒதுங்கியிருந்தேன். கருவியில் பார்த்தேன், கீழைக்காற்றுதான். திருத்திக்கொண்டேன். ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் உயரம் போதவில்லை. ஓடுதளத்துக்கு இப்பால் ஒரு வயலில் இறங்கினோம்.

"கிட்ட வந்துட்டோம்" என்றேன்.

"நான் அமுக்கினதுக்கு அப்புறம் நீங்க கொஞ்ச நேரம் சும்மாவே இருந்தீங்க சார்" என்றார். "அதுலதான் போச்சு."

2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்ட விமானத்தின் விசாரணை எனக்கு நினைவுக்கு வந்தது. பறவைகள் மோதியவுடனே திரும்பியிருந்தால் விமான நிலையத்தை அடைந்திருக்கலாமே என்று சிமுலேட்டரில் சோதித்தார்கள். உடனே திரும்பிய முயற்சிகளில் பல வெற்றி பெற்றன. நடந்ததை உணர்ந்து முடிவெடுக்க ஒரு மனிதனுக்கு ஆகும் நேரமென்று 35 விநாடியைச் சேர்த்துச் செய்தபோது அடைய முடியவில்லை. அந்த விமானி ஆற்றைத் தேர்ந்தார், 155 பேரும் பிழைத்தார்கள். எனக்கு அன்றிரவு அதைவிட அதிக நேரம் இருந்தது.

சொன்னேன். விளக்கு இரண்டு முறை மங்கியதை, நான் பார்த்ததை, நான்கு சுமை பாக்கி இருந்ததை. திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். வயலில் விமானம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நானுந்தான் பாத்தேன் சார்" என்றார். "ரெண்டு தடவையும் பாத்தேன். நகரணும்னு தோணுச்சு. நீங்க நின்னீங்க, நானும் நின்னேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. அவர் என்னைப் பார்த்து நின்றார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அது தெரிந்தபின் முன்னைவிடக் கனமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு ஆலையில் என் ஷிஃப்டில் விளக்கு ஒருமுறை மங்கினால் காந்தம் தரைக்கு வந்துவிடும். யாரும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒருமுறை கிரேன் ஓட்டுநருக்கும் கீழே நிற்பவருக்கும் சொல்லாமல், சுமை இல்லாத நேரத்தில், விளக்கை நானே அணைத்துப் பார்க்கிறேன். முதல் முறை எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். இப்போது விலகுகிறார்கள்.

அன்று கிளம்புவதற்கு முன் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தரம் பொன்னேரிக்குப் போங்க சார்" என்றார்.