இந்திராயணிக் கரைக் காளைகள்

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் ரயிலில் ஆகுர்டியை அடுத்து வரும் நிலையம் தேஹு ரோடு. தாயகத்திலிருந்து முதன்முறையாக வரும் உறவினர், பெயரைக் கேட்டு இது ஏதோ ஒரு சாலை என்றே எண்ணிக்கொள்வர். துக்காராம் மகான் பிறந்த தேஹு என்னும் திருத்தலம் இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ளது. அத்தலத்துக்குச் செல்வோர் இறங்கும் நிலையம் ஆதலின் இப்பெயர் அமைந்தது.

படைக்கலக் கிடங்குகளும் கண்டோன்மெண்டுமே இவ்வூரை வளர்த்தன. அவற்றில் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வேரூன்றிவிட்டன. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் புத்தர் திருவுருவை நிறுவிய விகாரை இவ்வூரின் பெருமை. வடக்கே இந்திராயணி, தெற்கே பவனா, மேற்கே கோராவடேசுவரர் குகைகளைத் தாங்கிய குன்று என்று இயற்கையும் இவ்வூருக்குக் குறை வைக்கவில்லை. இவையெல்லாம் நம் சங்க அன்பர்கள் அறிந்தவையே. ஆனால் பங்குனி, சித்திரை மாதங்களில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் நடைபெறும் காளைவண்டிப் பந்தயத்தைப் பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் கண்டிராதவர் நம்மிடையே பலர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

பைல்காடா

மராத்தியில் இப்பந்தயத்துக்குப் 'பைல்காடா ஷர்யத்' என்று பெயர். மாவள், கேட், ஆம்பேகாவ், ஜுன்னர் ஆகிய வட்டங்களில் கிராம தேவதையின் யாத்திரை எங்கே நடந்தாலும் இதுவும் உடன் நடப்பது வழக்கம். தென்பாண்டி நாட்டுச் சாலைகளில் 'பெரிய மாடு', 'சிறிய மாடு' என்று பிரித்து, பல வண்டிகளை ஒன்றாக மைல் கணக்கில் ஓட்டும் பந்தயத்தைப் போன்றதன்று இது. ஒவ்வொரு வண்டியாகக் குறுகிய தூரம் ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிடும் கொங்கு நாட்டு ரேக்ளாவுக்கே இது நெருங்கிய உறவு.

மேட்டை நோக்கி ஏறும் மண் தடம் ஒன்றை ஊருக்கு வெளியே அமைத்திருப்பார்கள். அதற்குக் 'காட்' என்று பெயர். மிக இலேசான வண்டியில் இரண்டு காளைகள். அவற்றுக்கு முன்னே இன்னும் இரண்டு. அந்நான்கிற்கும் முன்னால் ஒரு குதிரை வீரன் பாய்ந்து செல்வான். பெரும்பாலும் வண்டியில் ஓட்டுபவன் இருப்பதில்லை! கீழ்முனையில் பிடித்திருப்போர் கைவிட்டதும், நான்கு காளைகளும் குதிரையைத் துரத்திக்கொண்டு மேட்டின் மீது ஏறிவிடும். பத்துப் பதினைந்து விநாடிகளில் எல்லாம் முடிந்துபோம். மஞ்சள்பொடி வானில் பறக்கும். ஒலிபெருக்கியில் விநாடிக் கணக்கு முழங்கும். நாள் முழுவதிலும் மிகக் குறைந்த நேரத்தில் ஏறிய வண்டிக்குக் 'காட்டாச்சா ராஜா', அதாவது ஏற்றத்தின் மன்னன் என்ற பட்டம்.

ஓடும் காளைகளுள் பெரும்பாலானவை கில்லார் இனத்தவை. வெண்ணிற உடலும், பின்னோக்கி வளைந்து நீண்ட கொம்பும், கூரிய பார்வையும் உடையவை. மைசூர் நாட்டு ஹள்ளிகார், அமிர்தமகால் மாடுகளின் வழியில் தோன்றியதே இவ்வினம் என்று கால்நடை நூலோர் கூறுவர். தெற்கேயிருந்து வந்து மராட்டிய மண்ணில் வேரூன்றியவர் நாம் மட்டுமல்லர் என்பதை எண்ணும்போது அக்காளைகளிடத்தே ஒரு தனி உறவு பிறக்கிறது!

பெரியவர் ஒருவரின் மனக்குறை

மாவள் வட்டத்துக் கிராமம் ஒன்றில் இப்பந்தயத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தடத்தின் ஓரத்தில் வெள்ளைக் குல்லாய் அணிந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். மராத்தியில் பெரியவர்களைக் 'காகா' என்று அழைப்பது மரியாதை. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அச்சொல்லைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். அவர் அருகில் அமர்ந்து, "காகா, எந்த வண்டி உங்கள் ஊருடையது?" என்று வினவினேன்.

"அதைத்தான் பாவூ, நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர்.

அவருடைய குறைகளைக் கேட்கக் கேட்க, அவை அவருடையவை மட்டுமல்ல, அங்கே கூடியிருந்த ரசிகர் பலருடையவை என்பதும் விளங்கிற்று. அவர் இளமையில் வாரம் முழுதும் ஏர் இழுத்த காளைதான் யாத்திரையன்று ஓடும். அதன் பெயரும், குணமும், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கும் என்பதும் ஊருக்கே தெரியும். இன்று உழவு டிராக்டரிடம் போய்விட்டது. பந்தயக் காளை பந்தயத்துக்கென்றே இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கப்படுகிறது; பாலும் முட்டையும் ஊட்டி வளர்க்கப்படுகிறது. நான்கு காளைகளும் நான்கு உரிமையாளருடையவையாக இருத்தலும் உண்டு. வென்றது யார் ஊர் மாடு என்று சொல்வது எங்ஙனம்?

அடுத்த குறை, காத்திருத்தல். வண்டிகள் நூற்றுக்கணக்கில் பதிவாகின்றன. வெயிலில் அமர்ந்திருப்பவன் சீட்டு எண்ணையும், பிரமுகர் வருகையையும், மாலை மரியாதைகளையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி புறப்படும் நேரத்தில் எதிரே நூறு கைப்பேசிகள் உயர்ந்துவிடும். ஓடி முடித்தபின்னும் கண்ணால் கண்டதைக்கொண்டு வெற்றியை அறிய இயலாது; விநாடியின் சிறு பின்னத்தை மின்கருவிதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது குறை பரிசைப் பற்றியது. 2022-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், தேஹு ரோட்டிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிகலியில் மாபெரும் பந்தயம் ஒன்று நடைபெற்றது. பரிசுகளின் மொத்த மதிப்பு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் என்று நாளிதழ்கள் எழுதின. மண் வாரும் ஜே.சி.பி. இயந்திரம், பொலேரோ வண்டி, டிராக்டர் ஆகியவை அப்பரிசுகளுள் இருந்தன. காளையை வயலிலிருந்து வெளியேற்றியது எதுவோ, அதுவே காளையின் வெற்றிக்குப் பரிசாக நின்றது! இதனைக் காட்டிலும் பொருத்தமான கேலியை எந்தப் புலவனாலும் புனைய இயலாது.

கடல் கடந்த ஒரு குறை

இக்குறைகள் மராட்டிய உழவருக்கு மட்டும் உரியவையல்ல. பிம்ப்ரி, சிஞ்ச்வட் மோட்டார் ஆலைகளில் பணி புரியும் நம் இளைஞர்கள் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கார்ப் பந்தயங்களைக் காண்பதுண்டு. அந்நாட்டில் 'ஸ்டாக் கார்' என்றொரு வகைப் பந்தயம் உண்டு. கடையில் யாரும் வாங்கக்கூடிய கார் என்பதே அப்பெயரின் பொருள். நாஸ்கார் என்னும் அமைப்பு 1948-இல் தோன்றி அதனை நடத்தி வருகிறது. 1949 ஜூன் மாதம் சார்லட் நகரில் நடந்த முதற்போட்டியிலேயே, முதலாவதாக வந்த கிளென் டன்னவே என்பவரின் காரில் பின்பக்க வில் மாற்றப்பட்டிருந்தது கண்டு அவரை விலக்கிவிட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியை அளித்தனர். வீட்டுக் கார் வீட்டுக் காராகவே ஓட வேண்டும் என்பதில் அன்று அத்துணைக் கண்டிப்பு!

இன்றோ பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. 2004-இல் பருவத்தின் கடைசிப் பத்துப் போட்டிகளுக்குத் தனிக் கணக்கு வகுத்தனர். 2017-இல் ஒவ்வொரு போட்டியையும் பகுதி பகுதியாகப் பிரித்தனர். 2022-இல் எல்லோரும் ஒரே வகை உறுப்புகளைக் குறிப்பிட்ட ஆலைகளிலிருந்து வாங்கிப் பூட்டும் புதிய கார் வந்தது. கார்கள் யாவும் ஒன்றுபோல் ஆகிவிட்டன, புள்ளிக் கணக்கு புரியவில்லை, தந்தையுடன் கண்ட பந்தயம் இதுவன்று என்று நெடுநாளைய ரசிகர்கள் அங்கே மனம் புழுங்குகின்றனர். வட கரோலினாவின் தார்த் தடத்துக்கும் மாவள் வட்டத்தின் மண் தடத்துக்கும் எத்தனை ஆயிரம் மைல்! ஆயினும் மனக்குறை ஒன்றே. தன் வீட்டு முற்றத்தில் நின்ற ஒன்று ஓடுவதைக் காணத்தான் ரசிகன் முதன்முதலில் வந்தான். இப்போது ஓடுவது அவனுடையது அன்று.

தடையும் அனுமதியும்

முதியவரிடம் நான் இன்னொரு வினாவையும் கேட்டேன். "காகா, அந்தக் காலத்தில் சாட்டை உண்டா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உண்டு, சாட்டை மட்டுமா?" என்றார். பழைய நாட்களைப் போற்றும்போது அந்நாட்களின் முழு உண்மையையும் சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது.

வாயில்லாச் சீவன்களை வதைத்தலைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு வித்திட்டவர் மாநிலங்கள் அவையில் தனி மசோதா கொணர்ந்த நம் சென்னை ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு, காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. சாட்டையடி, ஆணி பொருத்திய கோல், வால் முறுக்குதல் முதலிய கொடுமைகள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நம் ஜல்லிக்கட்டையும் மராட்டியத்தின் காளைவண்டிப் பந்தயத்தையும் ஒரே தீர்ப்பில் நிறுத்தியது.

2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டதும், தமிழகம் தனிச் சட்டத் திருத்தம் செய்ததும் நாம் அறிந்தவை. அதே ஆண்டில் மகாராஷ்டிரமும் திருத்தம் செய்தது. ஆயினும் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் இங்கே வண்டி ஓடவில்லை. தமிழகத்தில் வாடிவாசல் திறந்திருக்க, மராட்டிய ரசிகன் மேலும் நான்கு ஆண்டுகள் காத்திருந்தான். 2021 டிசம்பர் 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நிபந்தனையுடன் அனுமதி தந்தது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தமிழகம், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் சட்டங்களும் செல்லும் என்று ஒரே தீர்ப்பில் உறுதி செய்தது. தாய்மாநிலமும் வாழும் மாநிலமும் ஒரே வழக்கில் நின்று, ஒரே நாளில் தீர்ப்புப் பெற்ற விந்தை இது.

அத்தீர்ப்பை நுணுகிப் படித்தல் வேண்டும். புதிய விதிகள் விலங்கின் துன்பத்தைக் குறைக்கின்றன என்பதே அனுமதியின் அடித்தளம். விதிகள் கண்டிப்பாகக் காக்கப்பட வேண்டும், அதற்கு மாவட்ட அதிகாரிகள் பொறுப்பு என்றும் நீதிபதிகள் கூறினர். மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதி, ஆயிரம் மீட்டருக்கு மேற்படாத தடம், கால்நடை மருத்துவரின் சோதனை, சாட்டைக்கும் கோலுக்கும் தடை ஆகியவை மராட்டிய விதிகளின் சாரம். இவை தளர்ந்தால் அனுமதியின் அடித்தளமே தளரும். ரசிகனுடைய வேறு எந்தக் குறையையும் காட்டிலும் முதலில் உரக்கச் சொல்லப்பட வேண்டிய குறை இதுவாகும். காளையின் மேல் கோல் விழக் கண்டும் கைதட்டுபவன், தான் நேசிக்கும் பந்தயத்துக்குத் தானே முடிவு தேடுகிறான்.

வேகம் வேண்டாத காளைகள்

தேஹு ரோட்டில் வாழும் நமக்கு இன்னொரு காட்சியும் எளிதில் கிட்டும். ஆனி மாதத்தை ஒட்டி, துக்காராம் மகானின் பாதுகைப் பல்லக்கு தேஹுவிலிருந்து பண்டரிபுரத்துக்குப் புறப்படுகிறது. நம் ஊரைத் தொட்டுக்கொண்டு நிக்டி, ஆகுர்டி வழியாகச் செல்லும் அப்பல்லக்கின் தேரை இழுப்பவையும் காளைகளே. தம் வீட்டுக் காளைகளுக்கு அப்பேறு கிடைக்க வேண்டுமென்று உழவர்கள் விண்ணப்பிப்பார்கள். தேஹு சன்ஸ்தானத்தார் அவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். உடற்கட்டையும் வலிமையையும் போலவே, பெருங்கூட்டத்தின் நடுவே மிரளாத அமைதியும் அங்கே வேண்டப்படுகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியில் விநாடிகளை எண்ணுவார் யாருமில்லை. அக்காளைகளை மட்டும் எந்த ஊருடையவை, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இன்றும் எல்லோரும் கேட்டு அறிந்துகொள்கின்றனர். ஏற்றத்தின் மன்னனிடத்தில் முதியவர் தேடிய அடையாளம் இங்கே கெடாமல் இருக்கிறது.

பந்தயம் காணச் செல்லும் அன்பர்கள் காலையிலேயே புறப்படுவது நன்று. குடையும் குடிநீரும் கட்டாயம் வேண்டும். குழந்தைகளைத் தடத்தின் ஓரத்தில் நிறுத்தலாகாது. மேட்டின் மீது ஏறிவரும் காளைக்கு எல்லைக்கோடு எதுவென்று தெரியாது. வண்டி ஓடி முடித்ததும் கூட்டம் அறிவிப்புப் பலகையைப் பார்க்கும். அந்நேரத்தில் காளைகள் நிற்கும் பக்கம் சென்று பாருங்கள். உரிமையாளன் முதலில் தண்ணீர் காட்டுகிறானா, பரிசு மேடைக்கு ஓடுகிறானா என்பதைக் கொண்டே எந்த வண்டி நல்ல வண்டி என்று நம் பிள்ளைகளும் கண்டுகொள்வார்கள்.