ஒரு புடவைக்கு இரண்டு பேர்!

காஞ்சிபுரம் வருகிறவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். கோயிலுக்கு வந்து, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்' என்று புடவைக் கடைக்குள் நுழைபவர்கள் ஒரு வகை. புடவைக்காக வந்து, பில்லைப் பார்த்த பிறகு 'ஆண்டவா!' என்று கோயிலுக்கு ஓடுபவர்கள் இன்னொரு வகை.

அடியேன் இரண்டாவது வகை. அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்றால் சும்மாவா? முகூர்த்தப் பட்டு என் செலவு என்று குடும்பம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. (கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.) சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். செங்கல்பட்டு வழியாகப் போகும் ரயிலில் நான், மனைவி, அக்கா, கல்யாணப் பெண் என்று நால்வர் அணியாகப் போய் இறங்கினோம்.

கடையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். புடவைகள் பறந்து வந்து விழ ஆரம்பித்தன. அக்காவுக்கு ஒரே கொள்கைதான். "கரை பெரிசா இருக்கணும். மண்டபத்துல கடைசி வரிசைக்கும் தெரியணும்!"

12 அங்குலக் கரையோடு ஒன்றை அக்கா கையில் எடுத்ததும், எதிரே இருந்த வயதான விற்பனையாளர் மெதுவாகக் கேட்டார்: "கல்யாணப் பொண்ணு உயரம் என்னம்மா?"

"அஞ்சடி."

"அப்ப இது வேணாம்மா."

விலை கூடுதலான புடவையை வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளரை என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தேன். பி.காம். படித்தவன் என்பதால் காரணம் கேட்டேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"புடவை அகலம் சுமாரா 48 அங்குலம் சார். பாப்பாவுக்கு இடுப்பிலேர்ந்து பாதம் வரைக்கும் ஒரு 38 இருக்கும். மீதி பத்தை என்ன பண்ணுவாங்க? மேலே செருகிக்குவாங்க. செருகுறதெல்லாம் மேல்பக்கத்துலதான் போகும். கீழ்க்கரை குறையாது. 38-ல 12 கரைன்னா, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. பொண்ணு நடந்து வராது சார், கரைதான் நடந்து வரும்!"

அடேயப்பா! விகிதாச்சாரம் என்று எட்டாம் வகுப்பில் நான் உருப்போட்டதை, இந்த மனிதர் ஒரு பெண்ணின் கணுக்காலில் வைத்து விளக்கிவிட்டார். டிசைன் படிப்பவர்கள் 'ப்ரபோர்ஷன்' என்பது இதைத்தான். உயரமான பெண்ணுக்குச் செருகல் குறைவு, உடல் நிறையத் தெரியும், பெரிய கரை தாங்கும். குள்ளமானவர்களுக்கு நாலைந்து அங்குலம் போதும். மடித்து வைத்த புடவையைப் பார்த்து வாங்காதே, கட்டிய புடவையை மனசில் பார்த்து வாங்கு - அவ்வளவுதான் சூத்திரம்.

ஐந்து அங்குலக் கரை, மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு நிறக் கரை. பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. அக்காவுக்கு முக்கால்வாசி பிடித்தது. "இதை எங்கே நெய்யறாங்க?" என்று கேட்டேன். "பிள்ளையார்பாளையம் போய்ப் பாருங்க. தடக்கு தடக்குனு சத்தம் கேட்டா அதான் வீடு" என்றார்.

பெண்கள் மூவரும் ரவிக்கைத் துணி மீது ஆராய்ச்சியில் இறங்க, நான் மட்டும் கிளம்பினேன். போகிற வழியில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. உள்ளே போனால் சுற்றுச்சுவரை ஒட்டி 58 சின்னச் சின்னச் சன்னதிகள். ஒன்று, சற்றே இடைவெளி, இன்னொன்று, மறுபடி இடைவெளி. தாளம் தப்பாமல் கண் அதன் கூடவே நடக்கிறது. நடந்து நடந்து கடைசியில் எங்கே போய் நிற்கிறது? நடுவே உயர்ந்து நிற்கும் விமானத்தில்!

பட்டுப்புடவையும் இதே கதைதான். உடல் முழுக்கச் சீரான இடைவெளியில் புட்டாக்கள். அது லயம். எல்லாம் போய்ச் சேருமிடம் முந்தானை. அங்கேதான் மயில், அன்னம், யாளி என்று ஜரிகையின் ராஜ தர்பார். உடல் முழுவதையும் முந்தானை மாதிரி நெய்தால்? எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். சில புடவைகளில் முதல் சுற்றில் உள்ளே மறைந்துவிடும் பகுதிக்குப் புட்டாவே போடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காசைக் கொட்டாதே என்கிற இந்தச் சிக்கனம் என் காமர்ஸ் நெஞ்சைக் குளிர வைத்தது.

பிள்ளையார்பாளையத்தில் தடக்கு தடக்கு சத்தம் கேட்டது. ஆனால் சில வீடுகளில்தான். ஒரு வீட்டு வாசலில் நின்று, "தறி பார்க்கலாமாய்யா?" என்றேன். "வாங்க தம்பி" என்றார் பெரியவர். குழித்தறியில் அவர் ஒரு பக்கம், அவர் மனைவி இன்னொரு பக்கம். நடுவே பச்சைப் புடவை, சிவப்புக் கரை.

"ஒரு தறிக்கு எதுக்கு ரெண்டு பேர்?"

"கோர்வைக்கு, தம்பி."

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், நீளவாட்டில் ஓடும் பாவில் நிறத்தை மாற்றினால் மட்டும் போதாதாம். குறுக்கே ஓடும் ஊடை பச்சையாகவே கரைக்குள்ளும் போனால் சிவப்பு மங்கிவிடும். அதனால் மூன்று நாடாக்கள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று. ஒவ்வொரு வரிசையிலும் பச்சை இழையும் சிவப்பு இழையும் எல்லையில் சந்தித்துக் கைகோத்துத் திரும்ப வேண்டும். ஒரு பக்கத்துக் கரையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாள், இருபது நாள் இப்படியே. 'என்ன ஒரு கான்ட்ராஸ்ட்!' என்று நாம் கடையில் வாயைப் பிளக்கிறோமே, அந்தக் கான்ட்ராஸ்டின் பெயர் கோர்வை. அதன் விலை இன்னொரு மனுஷி.

"முன்னே கூட ஆள் வெச்சிருந்தேன். இப்ப யாரும் வர்றதில்லை. பையன் ஒரகடம் கம்பெனிக்குப் போறான். மாசம் பொறந்தா பேங்க்ல சம்பளம். தப்புனு சொல்ல முடியுமா? அதான் இவ உட்கார்றா. இவளுக்குக் கை வலின்னா எனக்கும் லீவுதான்."

"ஆமா, லீவு போட்டு நான் ஊஞ்சல் ஆடறேன் பாரு! சமையல் யார் பண்றதாம்?" என்றார் அம்மாள், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோர்வை இல்லாமல் ஒரே ஆள் நெய்யும் புடவைகளும் உண்டு. அவையும் பட்டுதான், அழகுதான். விலையும் குறைவு. "போட்டோவுல ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. எல்லாரும் போன்ல போட்டோ பார்த்துத்தானே வாங்கறாங்க?" என்றார் பெரியவர். கோபமில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டமே போட்டார்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல விஷயங்கள். ஆனால், சட்டம் தறிக்குக் காவல் நிற்கலாம். தறிக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்காருமா? அந்த ஆளை உட்கார வைக்க வேண்டியது, வாங்குகிற நாம்தான்.

ஆகவே மகாஜனங்களே! அடுத்த முறை பட்டெடுக்கப் போனால் புடவையைத் திருப்பிப் போடுங்கள். உடலும் கரையும் சேரும் கோட்டைப் பாருங்கள். பொடிப்பொடியாகப் பல் வைத்த மாதிரி இரண்டு நிறமும் கோத்துக்கொண்டிருக்கிறதா? விரலால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும். பிறகு விலையைக் கேட்பதற்கு முன்னால், "கோர்வையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைக்காரர் உங்களை மரியாதையாக நிமிர்ந்து பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால் அவரே கோர்வை வேண்டுமென்று தறிக்குச் சொல்லி அனுப்புவார். பிள்ளையார்பாளையத்து அம்மாளுக்கு ஒருநாள் கை வலித்தால், மாற்றி உட்கார ஓர் ஆளாவது கிடைக்கும்.