லண்டனில் ஒரு நாள், தனியாக!



கோடை விடுமுறைக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் வாரம் அவர் கை காட்டிய இடத்தை மட்டும் பார்த்தேன். "ஒரு நாள் நானே போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். பல்லாவரம் போகவே துணை அனுப்பும் அம்மா, போனிலேயே பதறிட்டாங்க. "போகட்டும் அண்ணி, வாயில வழி இருக்கிற பொண்ணு" என்றார் சித்தப்பா.

பாதாள ரயிலில் மைல் எண்ட் வரை போய், எதிர் பிளாட்பாரத்தில் ரயில் மாறி, ஹோபர்னில் இறங்கினேன். உலகின் முதல் பாதாள ரயில் 1863-ல் லண்டனில்தான் ஓடியது. அதே வருஷம்தான் நம்ம பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார்!

பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே ஆந்திராவின் அமராவதி ஸ்தூபிச் சிற்பங்களைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டேன். 1859-ல் சென்னையிலிருந்து கப்பலேறியவை. "வா, நேரமாச்சு" என்று சொல்ல யாருமில்லை. அரைமணி நேரம் பார்த்தேன். பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மீதிச் சிற்பங்களில் பல எங்கே தெரியுமா? நம்ம தாத்தாக்கள் 'செத்த காலேஜ்' என்று சொல்லும் எழும்பூர் மியூசியத்தில்! ஒரே ஸ்தூபி, பல ஊர்.

தோழிகளே, பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். ஒரு சனிக்கிழமை, பெரியவங்க துணை இல்லாம, நாமே வழி கேட்டுப் போவோமா? வீட்டில் அனுமதி வாங்குவது உங்க பொறுப்பு. ரயில் ஏற்றி விடுவது என் பொறுப்பு!

- பதினோராம் வகுப்பு மாணவி, அனகாபுத்தூர்