மணப்பாடு: புழங்கும் குன்றும் பூட்டிய வீடுகளும்

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால், குலசேகரன்பட்டினம் தாண்டியதும் ஒரு மணற்குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். உச்சியில் சிலுவைக் கோயில், சற்றுத் தள்ளிக் கலங்கரை விளக்கம், அடிவாரத்தில் கருமேனியாறு கடலில் கலக்கும் கழிமுகம். அதுதான் எங்கள் மணப்பாடு. முத்துக்குளித்துறையின் பழைய கடற்றுறைகளில் ஒன்று. திருச்செந்தூர் வட்டம், 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், அதன்பின் தூத்துக்குடி. நிர்வாக வரலாறு அவ்வளவுதான்.

ஊரைத் தெரிந்துகொள்ள முதலில் குன்றில் ஏற வேண்டும். 1540-ல் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் ஒடிந்து அலைக்கழிந்தது. கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாக அதன் கப்பித்தான் நேர்ந்துகொண்டார். மணப்பாட்டில் கரை சேர்ந்தார். சொன்னபடியே குன்றின் மேல் நட்டார். இதுதான் ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. 1581-ல் அங்கே கோயில் எழுந்தது. கடலோடிகளுக்கு அது வழிபாட்டிடம் மட்டுமல்ல. கரை மங்கலாகத் தெரியும் தூரத்தில் குன்றையும் கோயிலையும் பார்த்தே வள்ளத்தின் திசையைத் திருத்திக்கொண்டார்கள். கலங்கரை விளக்கம் வந்த பிறகும் பகலில் எங்கள் ஊர்க்காரர் கண் தேடுவது கோயிலைத்தான்.

குன்றின் கடல்பார்த்த சரிவில் இருக்கும் குகைக்கு அதைவிட வயது அதிகம். முதலில் அங்கே ஒரு சைவத் துறவி தவமிருந்தார். 1542-ல் மறைபரப்ப முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் அதே குகையில் தங்கி ஜெபித்தார். இன்று அது அவருடைய சிற்றாலயம். பழைய துறவியை ஊர் மறைக்கவில்லை. குகையிலுள்ள கல்வெட்டே அவர் வாழ்ந்த இடம் இது என்று சொல்கிறது. உள்ளே ஒரு கிணறு. அலை அடிக்கும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது. திருச்செந்தூரில் வள்ளி குகையையும் நாழிக்கிணற்றையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. இந்தக் கரையின் பாறைக்கும் ஊற்றுக்கும் மதம் தெரியாது.

சவேரியாருக்கு வந்தபோது தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544-ல் வடுகர் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பக்கம் ஓடி ஒளிந்த மக்களுக்கு உதவ, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளோடு புறப்பட்டார். எதிர்காற்று விடவில்லை. இதைச் சொல்லும் அவருடைய கடிதம் இங்கிருந்துதான் எழுதப்பட்டது. நம்முடைய 'தோணி' என்ற சொல் அதில் போர்ச்சுகீசிய உருவில் நிற்கிறது.

குன்றிலிருந்து இறங்கினால் தெருக்கள். கொழும்பு வியாபாரத்தில் எழும்பிய பெரிய வீடுகள் இவை. எங்கள் பாட்டி வீடும் அந்த வரிசையில்தான். சிப்பி சுட்ட சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்து அரைத்த சாந்து. கையை வைத்தால் சித்திரை வெயிலிலும் சுவர் குளிர்ந்திருக்கும். வாசலை ஒட்டிய நீண்ட அறை முதலில் சரக்கறை. கொழும்புக்குப் போகும் கருப்பட்டியும் கருவாடும் அங்கேதான் அடுக்கியிருந்தன என்பாள் பாட்டி. இலங்கை விடுதலைக்குப் பிறகு குடியேற்றச் சட்டமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுக, சரக்கு நின்றது. அறையின் புழக்கம் நிற்கவில்லை. தாத்தா அங்கே வலைகளைப் போட்டு வைத்தார். பிறகு பாட்டியும் தெருப் பெண்களும் அங்கே ஓலை முடைந்தார்கள்.

அந்தக் கைவேலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பனங்குருத்தை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்வார்கள். கொதிக்கும் சாயத்தில் சிவப்பும் பச்சையும் ஏற்றுவார்கள். முடையும்போது ஓலையில் சற்றே ஈரம் வேண்டும். காய்ந்தால் மடிப்பில் ஒடியும். பாட்டி பக்கத்தில் ஈரத்துணி வைத்திருப்பாள். விரல் நகத்தால் மடிப்பை அழுத்தி, மூலை திரும்பும்போது மட்டும் பேச்சை நிறுத்துவாள். "மூலை சரியா விழுந்தா பொட்டி தானா நிக்கும்ல" என்பாள். உடன்குடிக் கருப்பட்டிக்கு ஓலைக்கொட்டான், கல்யாணத்துக்கு மூடிபோட்ட பெட்டி, பிறகு கப்பலேறி வெளிநாடு போன கூடைகள். மணப்பாடு ஓலைவேலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் இந்தப் பெண்கள்.

இன்று அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். கதவு திறக்கும், வெள்ளையடிப்பார்கள், கறிக்குழம்பு மணக்கும். கொடி இறங்கினால் மறுபடி பூட்டு. ஆளில்லாத வீட்டைத்தான் உப்புக்காற்று முதலில் தின்னும். பராமரிப்பு என்ற பெயரில் சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசுகிறோம். உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை உதிர்க்கிறது. கம்பி போட்ட தளமோ துருவேறிப் பிளக்கிறது. சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனாருக்காக நான் இரண்டு வருஷம் அலைந்தேன். கிடைத்த ஒரே ஆள், எங்கள் வாசல் தேக்குக் கதவைப் பெயர்த்து விற்றுத் தருவதாக விலை பேசினார்.

தொல்லை வீடுகளுக்கு மட்டுமல்ல. கழிமுகத்தில் மணல் மேவி வள்ளம் கடலிறங்க முடியாமல் மீனவர்கள் தவிக்கிறார்கள். பக்கத்திலேயே 2,200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. வரட்டும். ஆனால் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்றால் அன்றைய கூலியை யார் தருவார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். அத்தனை பெரிய திட்டம் தீட்டத் தெரிந்த நாட்டில், நானூறு ஆண்டு தாண்டிய ஊரின் வீடுகளைக் கணக்கெடுக்க ஆளில்லை.

வீட்டுக்காரர்களான நாமும் குற்றவாளிகள்தான். பங்காளித் தகராறில் ஒரு ஓட்டைக்கூட மாற்றாமல் காத்திருக்கிறோம். ஒரு வீட்டில் ஓலைவேலை கற்றுத்தரலாம். ஒரு வீட்டில் பழைய வலைகளையும் கொழும்புக் கணக்கேடுகளையும் வைக்கலாம். ஒரு வீட்டைத் திருப்பயணிகள் தங்கத் திறந்துவிடலாம். ஒடிந்த பாய்மரத்துக்கே இடம் கண்ட ஊர் இது. நல்ல தேக்கும் சுண்ணாம்பும் கண்முன்னே வீணாய்ப் போக விடலாமா? எங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. முடையத் தெரிந்த பெண்கள் யாரும் அந்த அறையைக் கேட்டால் வாடகை வேண்டாம். கதவைத் திறந்து வைத்தால் போதும்.