இரண்டாவது பிரதி

ஓலைக்கு ஆயுள் உண்டு. கறையானும் பூச்சியும் அதனை அரித்து முடிக்குமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைப்பதே நம் முன்னோர் நூல்களைக் காத்த வழி. பெயர்த்தெழுதப்படாத ஏடு அழிந்தால் நூலும் அழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. 'இன்னொரு பிரதி இருந்திருந்தால்!' என்னும் ஏக்கம் அன்று தொட்டு நம்மவர் நெஞ்சை விட்டகலவில்லை.

இன்று அப்பிரதியைக் கணினி எளிதில் எடுத்துத் தருகின்றது. ஒரு சேமிப்பகத்திலுள்ள தரவு முழுவதையும் மற்றொன்றிற் பதிக்க ஒருவரிக் கட்டளை போதும். ஆயின், பிரதி உண்டு என்பதனால் மட்டும் பொருள் காக்கப்பட்டுவிடுமா?

2017 ஜனவரி 31ஆம் திகதி கிற்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்தது இவ்வினாவுக்கு விடை கூறும். மென்பொருள் எழுதுவோர் பலர் தம் ஆக்கங்களை ஒப்படைத்து வைக்கும் இடம் அது. அங்கே மூலத் தரவுத்தளம் ஒன்றும், அதனைத் தொடர்ந்து படியெடுக்கும் துணைத் தரவுத்தளம் ஒன்றும் இருந்தன. அன்று சுமை மிகுந்து, துணை பின்தங்கிவிட்டது. பணிமுடித்துச் செல்லவிருந்த பொறியியலாளர் ஒருவர் இரவு நெடுநேரமாகியும் அதனைச் சீர்செய்ய முனைந்தார். படியெடுக்கும் கட்டளையோ யாதொரு செய்தியும் தராது வாளா நின்றது. துணையில் எஞ்சிக் கிடந்த கோப்புகளே தடையெனக் கருதிய அவர், அவற்றை நீக்கும் கட்டளையை இட்டார். இட்ட இடம் துணையன்று, மூலம். ஓரிரு நொடிகளில் தவறுணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைற் தரவில் 4.5 ஜிகாபைற்றே எஞ்சிற்று.

காப்புப் பிரதிகளை நாடினர். நாள்தோறும் எடுக்கப்பட்டதாக நம்பப்பட்ட பிரதிகள் இல்லை. மென்பொருட் பதிப்புகள் பொருந்தாமையால் அவ்வேலை நெடுநாளாகத் தோல்வியுற்றே வந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. எவரும் ஒருமுறையேனும் திறந்து பார்த்திராத பேழை வெறும் பேழையாகவே இருந்தது.

இறுதியிற் கைகொடுத்தது, ஏறத்தாழ ஆறு மணிநேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காக எடுக்கப்பட்ட பிரதி. அதனை எடுத்தவரும் அதே பொறியியலாளரே. அழித்த கையே காத்தது! எனினும் அவ்விடைவெளியிற் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டங்களின் விபரங்களும், 5,000 கருத்துரைகளும், 700 பயனர் கணக்குகளும் மீளவில்லை. நிறுவனம் நிகழ்ந்ததை ஒளிக்கவில்லை; தனியொருவர் மீது பழி சுமத்தவுமில்லை. மீட்புப் பணியையும் உலகறிய ஒளிபரப்பிற்று.

துணைத் தரவுத்தளம் மூலத்தின் நிழல். மூலத்தில் நேரும் பிழையை அதுவும் உடனே ஏற்கும். ஆர்சிங்க் போன்ற கருவிகளிலும் மூலமும் இலக்கும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. மிகையானவற்றை நீக்குமாறும் பணித்துவிட்டு அவ்விரண்டையும் இடம் மாற்றி எழுதினால், வெறுமையே நிறைவின்மேற் படியும். அதனாலன்றோ, எதனையும் மாற்றாது, நிகழவிருப்பதை மட்டும் முன்காட்டும் வசதியையும் அக்கருவியிலே வைத்தனர்!

ஏடு பெயர்த்தோர் எழுதியபின் மூலத்தோடு ஒப்புநோக்கினர். அவ்வொப்புநோக்கலே பிரதிக்கு உயிர். பிரதியின்மையால் இழந்த நாம், பிரதியிருந்தும் இழத்தல் தகுமோ? எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பவனே அதனைக் காப்பவன்.