ஒரு கிலோ பேஸ்

மே 20

செக்கப் முடிந்து மத்தியானம்தான் வீடு திரும்பினோம். மேல்தையல் நன்றாக ஆறிவருகிறது. உள்ளே எலும்பு கூடுவதற்குத்தான் பொறுமை வேண்டும் என்றார் டாக்டர். பைபாஸுக்காக மார்பெலும்பை நெடுக அறுத்துப் பிரித்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கம்பி உள்ளேயே இருந்துவிடும். எலும்பு ஒட்ட மூன்று மாதம். அதுவரை கனம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும்.

கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன்.

"கிட்டார் எவ்வளவு வெயிட் இருக்கும்?"

"பேஸ் கிட்டார் சார். நாலு கிலோ. தோள்ல பெல்ட் போட்டு மாட்டணும்."

"ஒரு தோள்ல மட்டும் அவ்வளவு பாரம் இப்ப விழவே கூடாது."

அவர் சொல்வதில் தப்பே இல்லை. பெல்ட் இடது தோளில் விழும். மரத்தின் மேல்விளிம்பு நெஞ்சுக்குழிக்கு நேராக வந்து பதியும், வலது முழங்கை அதன்மேல் ஊன்றும். முப்பது வருஷமாக என் நெஞ்சில் அந்த மரம் பதிந்த இடத்தில்தான் இப்போது தையல் ஓடுகிறது.

1951-இல் லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸை ஊர் ஊராகத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! எனக்கு இப்போது அதுவும் கனம்.

மே 29

குழுவின் தலைவர் போன் செய்தார். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கின்றன. "பேஸைக் கீபோர்டுலயே இடது கையில போட்டு ஓட்டிக்கிறோம். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார். அன்பாகத்தான் சொன்னார், பணமும் கொஞ்சம் அனுப்பியிருந்தார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்துவிட்டது. மளிகைக்கும் வாடகைக்கும் கச்சேரிதானே வழி?

போன வாரக் கச்சேரியின் வீடியோவை அனுப்பியிருந்தார்கள். சுருதி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிதம் பேடின் கிக்கும் பேஸும் ஒன்றாக இறங்கவில்லை. கீபோர்டு தம்பிக்கு வலது கையில் அத்தனை வேலை. இடது கை கிடைத்த இடத்தில் ஒரு சுரத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பேஸ் வாசிப்பவனுக்கு மேடையில் வேறு வேலையே கிடையாது, ரிதத்துக்கும் ராகத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் கட்டிப் பிடிக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஆள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தியாவின் முதல் பைபாஸை 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பெருமையோடு சொன்னார். இன்று அதே சிகிச்சை மதுரையிலேயே, என்னைப் போன்ற ஒரு மேடைக் கலைஞனுக்கு நடக்கிறது. அந்த மருத்துவர்களை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

ஜூன் 3

என்னிடம் கிட்டார் படித்த பையன் பெங்களூரிலிருந்து பார்க்க வந்தான். ஹார்லிக்ஸ், ஆப்பிளோடு ஒரு சின்னப் பையும் இருந்தது.

"மாஸ்டர், இதைத் தூக்கிப் பாருங்க. ஒரு கிலோதான்."

யு-பேஸ். உகுலேலே உடம்பில் பேஸ். முழு நீளமே இரண்டரை அடி. மேலே இருக்கும் நாலு தந்தியைப் பார்த்ததும் கை போய்விட்டது. உலோகமே இல்லை, பாலியூரித்தேன். சைக்கிள் வால் டியூப் மாதிரி கறுப்பாக, தடியாக, வழவழவென்று இழுபடுகிறது. மடியில் வைத்து மேல்தந்தியை மெல்லத் தட்டினேன். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் முனகல்தான் கேட்டது. ஆனால் சுருதி அதே ஈ, நொடிக்கு 41 அதிர்வு. என் பெரிய பேஸின் அடிச்சுரம் எதுவோ அதுவே இதிலும்.

இது எப்படி முடிகிறது என்று இரவு முழுக்க யோசித்தேன். பேஸ் கிட்டாரில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம், இதில் ஏறக்குறைய 21. நீளம் குறைந்தால் சுருதி ஏறிவிடும். ஏறாமல் பிடித்து வைக்க வேண்டுமென்றால் தந்தியைத் தடியாக்க வேண்டும், தளர்த்தவும் வேண்டும். எஃகை அவ்வளவு தடியாக்கினால் விறைத்துப்போய் நாதம் கெடும். ரப்பர் போல வளையும் பொருள் தடியாக இருந்தாலும் வளைந்து அதிர்கிறது. 1980-களில் இங்கிலாந்தில் அலன் ஆஷ்வொர்த் ஜோன்ஸ், நைஜல் தார்ன்பரி என்ற இருவர் சேர்ந்து சிலிக்கோன் தந்தி போட்ட ஒரு குட்டி பேஸைச் செய்தார்கள். ஆஷ்பரி என்று இருவர் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர். அந்த யோசனையை உகுலேலே உடம்புக்குள் கொண்டுபோனவர் அமெரிக்காவில் ஓவன் ஹோல்ட். காலா நிறுவனம் அதை உலகம் முழுக்க விற்றது. உகுலேலேயுமே அப்படி ஊர்விட்டு ஊர் வந்த வாத்தியம்தான். 1879-இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன போர்த்துகீசியர்களின் சின்ன கிட்டாரிலிருந்து பிறந்தது.

பையன் வாத்தியத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். "உடம்பு சரியாகுற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும் மாஸ்டர்."

ஜூன் 9

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் விரல்நுனிக் காய்ப்பு முழுக்க உரிந்துவிட்டது. எஃகுத் தந்தியைத் தொட்டிருந்தால் எரிச்சல் உயிர்போகும். இந்தத் தந்தி விரலை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் வியர்த்தால் ஒட்டிக்கொள்கிறது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிப் போக விடாது. இடது கையில் கொஞ்சம் முகப்பவுடர் தடவிக்கொண்டால் சரியாகிவிடுகிறது. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த பவுடர் டப்பா இப்போது என் நாற்காலிக்கு அடியில்.

முதல் ஃப்ரெட்டின் அகலம் பெரிய பேஸில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். இதில் ஒரு அங்குலத்துக்குச் சற்று அதிகம். விரல் பழைய பழக்கத்தில் ஒரு கட்டம் தாண்டிப் போய் விழுகிறது. தந்தி தளர்வாக இருப்பதால் சற்றே சாய்த்து அழுத்தினாலும் சுருதி நழுவிவிடும். நேராக, ஃப்ரெட்டை ஒட்டி, பதமாக வைக்க வேண்டும். வலது கையும் அப்படியே. ஓங்கித் தட்டினால் சத்தம் கூடுவதில்லை, தந்திதான் தொப்பென்று அடங்கும். இழுத்துப் பிடித்து வாசிக்கும் பழக்கமுள்ள எனக்கு இது புதுப் பாடம். நெஞ்சில் கம்பி கட்டியிருக்கும் உடம்புக்கும் இந்த அளவு பலம்தான் சரி.

நாடித்துடிப்பைக் குறைக்க மாத்திரை தருகிறார்கள். அறுபதுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. உடம்பின் கடிகாரம் மெதுவானால் காலப்பிரமாணமும் இழுக்குமோ என்று பயந்தேன். மெட்ரோனோமைப் போட்டு ஒரு வாரமாக வாசித்துப் பார்க்கிறேன். இழுக்கவில்லை. தாளம் வேறெங்கோ இருக்கிறது.

ஜூன் 16

நேற்று ரிசப்ஷன். டாக்டரிடம் வாத்தியத்தின் போட்டோவைக் காட்டி, உட்கார்ந்தே வாசிப்பேன், எதையும் தூக்க மாட்டேன் என்று சொல்லி அனுமதி வாங்கிய பிறகுதான் ஒப்புக்கொண்டேன். வேனில் முன் சீட்டு கொடுத்தார்கள். சீட் பெல்ட் நெஞ்சில் உரசாமல் இருக்கத் தலையணையை இடையில் வைத்து அனுப்பினாள் மனைவி.

இடது காலிலிருந்துதான் ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் ஒட்டியிருக்கிறார்கள். தொங்கப்போட்டு உட்கார்ந்தால் மாலைக்குள் வீங்கிவிடும். சாக்ஸ் போட்டுக்கொண்டு, காலைச் சின்ன ஸ்டூலில் தூக்கி வைத்து, வாத்தியத்தை வலது தொடையில் சாய்த்துக்கொண்டேன். நெஞ்சை எதுவும் தொடவில்லை.

சவுண்ட் செக்கில்தான் சிக்கல் வந்தது. உள்ளே வெற்றுக் கூடு, பாலத்துக்கு அடியில் பீஸோ பிக்கப். மேடைக்குக் கீழே இருந்த சப்வூஃபரின் அதிர்வு கூட்டுக்குள் புகுந்து திரும்ப பிக்கப்பில் ஏறி, ஊஊ என்று ஒரே ஊளை. சவுண்ட் என்ஜினியர் தம்பி பொறுமைசாலி. நாற்காலியை சப்பிலிருந்து விலக்கிப் போட்டோம். ஒலித்துளையைப் பஞ்சுத்துண்டால் அடைத்தோம். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதையெல்லாம் மிக்சரில் வெட்டினான். சரியாகிவிட்டது.

நான் பயந்தது எதிர்ப்பக்கத்தில் இருந்து. கல்யாண மண்டபம் என்றால் கிரானைட் தரை, சிமெண்ட் சுவர், உயரக் கூரை. பேஸ் ஒன்று போட்டால் அது அடங்கும் முன்னே அடுத்தது வந்து, கூடம் முழுக்க கும்மென்று ஒரே கூழ். எத்தனை வருஷமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். யு-பேஸின் சுரம் சீக்கிரம் அடங்கிவிடும், இது குறையாகிவிடுமோ என்று நினைத்தேன். நடந்தது வேறு. தந்தியின் நாதம் முடியும் இடத்தைக் கூடத்தின் எதிரொலி நிரப்பியது, அடுத்த சுரம் தெளிவாக இறங்கியது. கடைசி வரிசையில் சாப்பாட்டுக்குக் காத்திருந்த ஆட்களின் கால்கூட ஆடியதைப் பார்த்தேன்.

மூன்றாவதோ நான்காவதோ பாட்டு. புதிய பறவையில் சௌகார் ஜானகி கிளப்பில் பாடுவாரே, அந்தப் பாட்டு. ஆரம்பித்து நாலு பார் போவதற்குள் தபேலா அண்ணன் முழுசாகத் திரும்பி என் கையைப் பார்த்தார். எழுபதைத் தாண்டியவர். பாட்டு முடிந்ததும் மைக்கைப் பொத்திக்கொண்டு, "இப்பத்தான்யா பழைய பாட்டு பழைய பாட்டா கேக்குது" என்றார்.

ஜூலை 2

அண்ணன் சொன்னது விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புதிய பறவை 1964. விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்து ரெக்கார்டிங்குகளில் அடிச்சுரத்துக்கு டபுள் பேஸ்தான். நின்றுகொண்டு, விரலால் தட்டி வாசிப்பார்கள். தொம் என்று உருண்டையாகப் பிறந்து உடனே அடங்கும் நாதம் அது. அந்தப் பாட்டுகளை இத்தனை வருஷம் நான் எஃகுத் தந்தியில், நீண்டு ஒலிக்கும் சுரத்தில் வாசித்திருக்கிறேன். சுரம் சரி, நாதம் வேறு காலத்துடையது. ரப்பர் தந்தி டபுள் பேஸின் குரலுக்கு மிக அருகில் போய் நிற்கிறது. காதலிக்க நேரமில்லை பாட்டுகள் நாலைந்தை இன்று வாசித்துப் பார்த்தேன். பாடகரின் குரலுக்கு அடியில் இவ்வளவு காற்றோட்டம் இருந்ததே இப்போதுதான் தெரிகிறது.

இளையராஜா பாட்டில் கதை வேறு. அவர் பேஸைத் தனிக் குரலாகவே எழுதியவர். சசிதரன் வாசித்த அந்த வரிகளைக் கேட்டுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். மூடுபனி, நினைவெல்லாம் நித்யா பாட்டுகளில் பேஸ் தானாகவே ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும். சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து போக வேண்டும், சில இடங்களில் நீண்டு நிற்க வேண்டும். அந்த இழைவு இந்தத் தந்தியில் பாதியில் அறுந்துவிடுகிறது. நீண்ட சுரத்தை நடுவில் இன்னொரு முறை மெல்லத் தட்டிப் பார்த்தேன், ஓரளவுக்குச் சரி. முழுசாக வராது. வரவில்லை என்றால் வராது என்று ஒப்புக்கொண்டு அந்தப் பாட்டுகளைக் குறைத்துக்கொள்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

ஜூலை 24

ஆடி வெள்ளி. அம்மன் கோவில் திடலில் மேடை. கூழ் ஊற்றி முடித்து, இரவு ஒன்பதரைக்குத்தான் மைக் வந்தது.

திறந்தவெளியில் இந்த வாத்தியம் தடுமாறுகிறது. எதிரொலிக்கச் சுவர் இல்லை, சுரம் பிறந்த இடத்திலேயே தொலைந்துவிடுகிறது. போதாததற்குப் பகல் வெப்பம் இறங்க இறங்கத் தந்தியும் நகர்ந்தது. இரண்டு பாட்டுக்கு ஒரு முறை ட்யூனரைப் பார்த்துத் திருகினேன். அம்மன் பாட்டுகளுக்கு உடுக்கையும் பம்பையும் போடும் போட்டில் பேஸ் எங்கே என்று எனக்கே கேட்கவில்லை. என்ஜினியர் தம்பி கம்ப்ரஸரை ஏற்றி, கொஞ்சம் நடுஸ்தாயியைக் கூட்டிக்கொடுத்த பிறகு நிமிர்ந்தது.

பதினொன்றரைக்கு முதுகு வலி. நெஞ்சு சரியாகத்தான் இருந்தது, உடம்பு போதும் என்றது. மீதியைக் கீபோர்டு தம்பியிடம் கொடுத்துவிட்டு வேனில் போய்ச் சாய்ந்தேன். அங்கிருந்து கேட்டபோது ஒன்று புரிந்தது. மே மாத வீடியோவில் இருந்த தம்பி இல்லை இவன். இடது கை கிக்கோடு சேர்ந்து இறங்குகிறது. இத்தனை கச்சேரிகளில் நான் சின்னதாக, இடம் விட்டு வாசித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். கூட இருபது சுரம் போடுவதை விட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 5

கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கலாம் என்றாகிவிட்டது. பெரிய பேஸை நேற்று மடியில் வைத்து அரை மணி வாசித்தேன். நாலு கிலோவும் தொடையில் அழுத்தமாகத் தெரிந்தது. நீண்ட சுரம் ஒன்றை விட்டுப் பார்த்தபோது நெஞ்சுக்கூட்டில் அது அதிர்ந்தது நன்றாக இருந்தது.

ஆவணி முகூர்த்தங்களுக்குப் பாட்டு வரிசை போட்டு அனுப்பினேன். முதல் ஒரு மணி நேரம் ஐம்பது, அறுபதுகளின் பாட்டு, அதற்கு யு-பேஸ். பிறகு இளையராஜாவும் ரஹ்மானும். அதற்குப் பெரிய பேஸ், உட்கார்ந்தே. திறந்தவெளி என்றால் பெரியது மட்டும். தலைவர் பார்த்துவிட்டு, "பழைய பாட்டை முதல்லயா வைக்குறது? கூட்டம் நிக்குமாண்ணே?" என்று கேட்டார். ரிசப்ஷனில் ஏழு மணிக்கு வந்து உட்காருகிறவர்கள் பெரியவர்கள்தான், பிள்ளைகள் எட்டரைக்கு மேல்தான் வருவார்கள் என்றேன். சரி என்றுவிட்டார்.

பையனுக்குப் போன் போட்டேன். வாத்தியத்தைத் திருப்பித் தருவதாக இல்லை, விலையை மூன்று தவணையாக அனுப்புகிறேன் என்றேன். பணமெல்லாம் வேண்டாம் மாஸ்டர் என்று ஆரம்பித்தான். விடவில்லை. இது நான் வாசித்துப் பிழைக்கிற வாத்தியம், காசு கொடுத்துத்தான் வைத்துக்கொள்வேன். கடைசியில் ஒப்புக்கொண்டு, அடுத்த முறை வரும்போது ஒரு செட் தந்தியும் வாங்கி வருகிறேன் என்றான். மேல்தந்தி மட்டும் இரண்டாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.