தப்போசை

பதுளையில் நான் கற்பிக்கும் வகுப்பிலே, அவரவர்க்குப் பிடித்த இசை எதுவென மாணவரிடம் கேட்டேன். இளையராஜா, ரகுமான் என்று விடைகள் வந்தன. காமன் கூத்துக்குத் தப்படிக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும் தலைகுனிந்து, "ஒன்றுமில்லை, சேர்" என்றான்.

அந்தத் தலைகுனிவை நான் அறிவேன். பல்கலைக்கழகத்தில் இதே வினாவுக்குக் 'கருநாடக சங்கீதம்' என்று பொய் சொன்னவன் நான்.

என் பாட்டிக்குத் தப்பு என்றால், விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு விரட்டிய ஓசை. அதனை அவள் சபிப்பாள். ஆனால் மாசியிலே, காமன் பொட்டலில் அதே தப்பு முழங்கினால் முதல் ஆளாய் நிற்பவளும் அவளே! பகலிலே துரை பறித்துக்கொண்ட கருவியை இரவிலே மக்கள் மீட்டுக்கொண்டார்கள். கொழுந்து மலைகளில் ஒலித்த பாடல்களையேனும் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்தார். தப்பின் அடிகளோ அடிப்பவர் கைகளில் மட்டுமே வாழ்கின்றன. அக்கைகளையோ, 'சாவுக்கு அடிப்பவன்' என்று இழித்தோம். அவ்விழிவைப் பூசியவர்கள் துரைமாரல்லர், நாமேதான்.

மறுநாள் வகுப்பிலே என் பழைய பொய்யை ஒப்புக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. இடைவேளையில் அந்தப் பையன் வந்து, இரண்டு அடிமட்டங்களால் மேசைமீது தட்டிக் காட்டினான். நானும் முயன்றேன்.

"பிழை, சேர்" என்றான்.